நடுகல்லும் நம் பள்ளிச் சிறுவரும்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 31ஆம் நாளை மலேசிய நாடு வீரர் நாளாகக் கொண்டாடுகிறது. மலாய் மொழியில் அதனை ஹரி பாலவான் என்பர். 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960இல் முடிவுற்றதும் இதே நாளில்தான். நாட்டைக் காக்கும் பணியில் உயிர்நீத்த படைவீரரையும் காவலரையும் அன்று நாடு நினைக்கிறது. பொது விடுமுறை இல்லாமையால், வார நாளாக அமையும்பொழுது, நம் பள்ளிகளிலும் சபைகூடலில் அதனை நினைவுகூர்கிறோம். மாணவர் வரிசையாக நிற்பர். ஒரு மணித்துளி அமைதி காப்பர். ஓர் ஆசிரியர் பேசுவார். ஒரு மாணவி செய்யுள் ஒப்பிப்பாள். மறுநாள் ஆகஸ்டு பிறந்துவிடும். கொடிகளும் தோரணங்களும் வந்து முன்னாள் நினைவை மூடிவிடும்.

இந்நிகழ்ச்சியில் தமிழாசிரியரின் பங்கு பெரும்பாலும் ஒன்றே. ஒப்பிப்பதற்குரிய செய்யுளைத் தேர்ந்து கொடுப்பவர் அவரே. வீரம் என்றவுடன் நம் கை புறநானூற்றுக்குச் செல்கிறது. அது முறையே. ஆயினும் அந்நூலில் நாம் திறக்கும் ஏடுகள் எவை, திறவாமல் விடுபவை எவை என்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். மாண்டவரைச் சிறுவரோடு கூடி நினைப்பதற்கு நம் இலக்கியம் தரும் வழி மிகச் செம்மையானது. அவ்வழியின் பாதியைத்தான் நாம் வகுப்பறைக்குக் கொண்டுவருகிறோம் என்பதும், விட்டுவிட்ட பாதியே சிறுவர்க்கு இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாம்.

மூன்று தாயர்

நாம் வழக்கமாக எடுக்கும் பாடல்கள் மூன்று. மூன்றும் தாயரைப் பற்றியவை. மூன்றும் பெண்பாற் புலவர் பாடியவை. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது 279ஆம் பாட்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது 278ஆம் பாட்டு. பொன்முடியார் பாடியது 312ஆம் பாட்டு. இவற்றின் பெருமையில் ஐயமில்லை. இவற்றை நாம் எவ்வாறு பயிற்றுகிறோம் என்பதே வினா.

மாசாத்தியார் காட்டும் தாயை எடுத்துக்கொள்வோம். முன்னொரு நாள் நடந்த போரில் அவளுடைய உடன்பிறந்தான் யானையை வீழ்த்தித் தானும் மாண்டான். தந்தை என்று கொள்வாரும் உளர். நேற்றைய போரில் கணவன் ஆநிரையைக் காத்து மாண்டான். இன்று மீண்டும் பறை கேட்கிறது. வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவனுக்கு வெள்ளாடை உடுத்தி, பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். "எத்தகைய வீரத்தாய்!" என்று கூறி முடித்துவிடுகிறோம்.

இப்பாட்டில் பேசுகிறவர் யார் என்பதை நாம் கேட்பதில்லை. பேசுபவள் அத்தாய் அல்லள். அவளைக் கண்டு நிற்கும் ஒருவர். அவர் வாயிலிருந்து முதலில் எழுவது பாராட்டுச் சொல்லன்று. அவளுடைய எண்ணத்தைப் பழிப்பது போன்றும், அவளுடைய துணிவு அஞ்சத்தக்கது என்றும் கூறும் அதிர்ச்சிச் சொல்லே பாட்டின் வாயில். பழிப்பது போலப் புகழ்தல் என்று அதனைக் கொள்வது வழக்கு, அது தவறன்று. ஆனால் புகழ்ச்சிக்குள்ளே ஒரு நடுக்கம் இருப்பதை மறைத்துப் பயிற்றுவது தவறு. தலைக்கு எண்ணெய் தடவுதல் நம் தோட்டத்து லயங்களில் ஒவ்வொரு தாயும் மகனைப் பள்ளிக்கு அனுப்புமுன் செய்கின்ற வேலை. பிள்ளைகள் அதனை உடனே அறிந்துகொள்வர். அவ்விடத்தில் ஆசிரியர் சற்று நின்றால் வகுப்பே நின்றுவிடும். நாமோ வேலைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை விட்டுவிடுகிறோம்.

நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறங்காட்டினான் என்று பிறர் சொல்லக் கேட்டுச் சினந்து, வாளேந்திக் களம் புகுகிறாள். கிடக்கும் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். வளர்ந்தவர் பல கோணங்களில் ஆராயவேண்டிய பாட்டு இது. ஊரார் கூறிய ஒரு சொல் ஒரு தாயை என்ன செய்துவிட்டது என்பதும் இதில் அடங்கியுள்ளது. இதனைப் பத்து வயதுச் சிறுமியின் வாயில் கொடுத்துக் கை தட்டுவது பொருந்துமா என்று ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பொன்முடியார் பாட்டு கடமைகளைப் பட்டியலிடுவது. பெறுதல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்தல் கொல்லனுக்கும், நன்னடை நல்குதல் வேந்தனுக்கும் கடன். இறுதியில் இளையவனின் கடன் கூறப்படுகிறது. அதனை நாம் 'போரிட்டு மாளுதல்' என்பது போலவே விளக்கிவருகிறோம். பாட்டு அப்படிக் கூறவில்லை. பகைவரின் யானையை வீழ்த்தி மீளுதல் அவன் கடன் என்கிறது. மீண்டு வருதலும் கடமையின் ஒரு கூறு. மகன் திரும்பிவர வேண்டும் என்பதே அத்தாயின் கணக்கு. இச்சிறு சொல்லை விட்டுவிட்டால், சாவே இளைஞனுக்கு இட்ட வேலை என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடும். அவ்வாறு கூறுதல் மாண்டவருக்கும் நன்றன்று. மீண்டு வரவேண்டியவர் மீளவில்லை என்பதனால்தான் அவரை நாம் நினைக்கிறோம்.

கல்லின் மரபு

மீளாதவனுக்குத் தமிழர் செய்தது என்ன? அவனுக்குக் கல் நட்டனர். தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காணுதல், நாட்குறித்துக் கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்னும் பெயர்கள் இந்நிலைகளைப் பின்பற்றியே அமைந்தன. போர்க்களம் காணாத கண்ணகிக்கும் அம்முறையே கொள்ளப்பட்டது.

சங்கப் பாடல்களில் நடுகல் வருமிடங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய 264ஆம் புறப்பாட்டில், பரற்கல் நிறைந்த மேட்டில் ஒரு கல் நிற்கிறது. மாலையும் மயிற்பீலியும் சூட்டி, மாண்டவன் பெயரைப் பொறித்துள்ளனர். அவன் மாண்டது தெரியாமல் பாணர் கூட்டம் இன்னும் அவனை நாடி வருமோ என்று புலவர் இரங்குகிறார். வடமோதங்கிழார் பாட்டிலும் (260) பெயர் கல்மேல் இருக்கிறது. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில் வழிப்போவார் காணும் கற்களும் பெயர் பொறித்தவையே. போர் எவ்வளவு பெரியது, வென்றவன் யார் என்பனவற்றை இக்கற்கள் பேசுவதில்லை. மாண்டவன் இன்னான், செய்தது இன்னது என்பதே அவற்றின் பேச்சு.

தொல்பொருளாய்வும் இதனை உறுதி செய்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள், இதுகாறும் கிடைத்தவற்றுள் மிகப் பழையன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பானுக்குரியது. ஈராயிரம் ஆண்டு கடந்தும் ஒரு சிற்றூர் மனிதனின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவனை ஏவிய தலைவன் பெயரோ கிடைக்கவில்லை!

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலக் கற்கள் பல உள்ளன. அவற்றின் வாசகங்களின் நடையைத் தமிழாசிரியர்கள் நோக்க வேண்டும். அரசனின் ஆட்சியாண்டு, ஊர், தலைவன், மாண்டவன் பெயர், எதன்பொருட்டு மாண்டான் என்பது, இறுதியில் 'பட்டான்' என்ற ஒரு வினை. அடைமொழி இல்லை, ஆரவாரம் இல்லை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்பானோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுதப்பட்டுள்ளது. ஒரு நாயின் பெயரையும் மறவாமல் எழுதிய மரபு நம்முடையது. ஒன்றாம் ஆண்டு மாணவனுக்கும் இக்கதையைக் கூறலாம். அவன் வீட்டுக்குச் சென்று திருப்பிக் கூறுவான்.

இன்னொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற்குறள், ஒரு வீரன் பகைவரை நோக்கிக் கூறுவதாக அமைந்தது. என் தலைவன்முன் நில்லாதீர். முன்பு நின்றவர் பலர் இன்று கல்லில் நிற்கின்றனர் என்பது அதன் கருத்து. செருக்கான பேச்சுத்தான். ஆயினும் மாண்ட பகைவருக்கும் கல் உண்டு என்பதை அது தானே ஒப்புக்கொள்கிறது. பகைவனுடைய ஊரிலும் அவன் பெயரை எழுத ஒருவர் இருந்தார் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய வழி இல்லை.

சிறப்புச் செய்தலின் எல்லை

கல் நட்டுவிட்டால் இழப்பு ஈடாகிவிடுமா? ஆகாது என்பதையும் நம் புலவரே கூறியிருக்கின்றனர். அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபின் ஔவையார் பாடியது 232ஆம் பாட்டு. கல்லை நட்டுப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கின்றனர். மலையோடு கூடிய நாட்டைக் கொடுத்தாலும் ஏற்காத பெருமகன் இச்சிறு கலத்துக் கள்ளையா ஏற்பான் என்று ஔவையார் கேட்கிறார். அவன் இல்லாத காலையும் மாலையும் தமக்கு இல்லாது போகட்டும் என்கிறார்.

சடங்கைப் பழித்ததாக இதனைக் கொள்ளலாகாது. சடங்கின் எல்லையை அறிந்தவர் கூற்று இது. மாண்டவருக்கு நாம் செய்யும் சிறப்பு எதுவாயினும் அது சிறு கலத்துக் கள்ளே. மலர்வளையமும் அத்தகையதே, ஒரு மணித்துளி அமைதியும் அத்தகையதே. செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு அதனால் வருமாயின், சடங்கு நம்மை ஏமாற்றிவிட்டது என்று பொருள். வீரர் நாள் உரையை எழுதும் ஆசிரியர், எழுதுமுன் இப்பாட்டை ஒருமுறை படித்தால் உரையின் அளவு தானே குறையும்.

மாண்டவரின் மக்கள்

இனி நான் மிக இன்றியமையாததாகக் கருதும் பாட்டுக்கு வருகிறேன். மாண்டவரைச் சிறுவரோடு நினைக்கும் நாளில், மாண்டவரின் மக்களே பேசும் பாட்டு ஒன்று நம்மிடம் இருக்கிறது. புறநானூற்று 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடிகள். சென்ற திங்களின் முழுநிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் தங்களிடம் இருந்தது. இத்திங்களின் முழுநிலவில் முரசறைந்த வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை. பாட்டு இவ்வளவே.

இதில் போர் வருணனை இல்லை. மூவேந்தர்மேல் வசைச்சொல் இல்லை. பாரியின் கொடைச்சிறப்பும் இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பெருமையைப் பிறர் பாடினர், மகளிர் பாடவில்லை. ஒரு பிள்ளை காலத்தை அளக்கும் முறையில் அவர்கள் அளக்கின்றனர். அன்று நிலா இருந்தது, அப்பா இருந்தார். இன்று நிலா இருக்கிறது, அப்பா இல்லை. மாறாத நிலவை நடுவே வைத்து மாறிப்போனதைக் காட்டிய இவ்வமைப்பை வளர்ந்த புலவர் எவரும் மிஞ்சவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு உரையாசிரியர் உதவியின்றியே இது விளங்கும்.

மேலும் ஒரு நன்மை உண்டு. பாட்டோடு கதை நிற்கவில்லை. பாரியின் நண்பர் கபிலர் அம்மகளிரைத் தம் மக்களாகக் கொண்டு அழைத்துச் செல்கிறார். விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறார், மறுக்கப்படுகிறார். 200 முதல் 202 வரையுள்ள புறப்பாட்டுகள் அவ்வரலாற்றைக் கூறுகின்றன. மாண்டவனைப் பாடுதலோடு அவன் நண்பனின் கடமை முடியவில்லை; அவன் மக்களுக்காக வாயில்தோறும் நிற்கவேண்டியிருந்தது. வீரர் நாளில் நாட்டுக்குள்ள கடமை எது என்று ஒரு மாணவன் கேட்டால், கபிலரின் நடையைச் சுட்டிக்காட்டலாம்.

மூன்று தாயர் பாட்டுகளையும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. மகனை அனுப்புமுன் நிற்கும் தாயையும், தந்தையை இழந்தபின் நிற்கும் மகளிரையும் ஒருங்கே காட்டவேண்டும். முன்னதை மட்டும் காட்டினால் புறநானூறு ஆள்சேர்க்கும் அறிவிப்பாகிவிடும். அதனைத் தொகுத்தோர் 279ஐ வைத்த அதே நூலில் 112ஐயும் வைத்தனர் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டின் கற்கள்

இந்நோக்கோடு நம் நாட்டைச் சற்றுப் பார்ப்போம். கோலாலம்பூரிலுள்ள துகு நெகாரா என்னும் தேசிய நினைவுச் சின்னம் 1966 பிப்ரவரி 8ஆம் நாள் திறக்கப்பட்டது. ஃபெலிக்ஸ் டி வெல்டன் என்னும் சிற்பி வடித்த ஏழு வெண்கல உருவங்கள் அதில் உள்ளன. தலைமை, ஒற்றுமை, வலிமை, விழிப்பு, துன்பம், துணிவு, தியாகம் ஆகிய ஏழு பண்புகளை அவை குறிக்கும். துணிவின் அருகே துன்பத்தையும் வைத்திருப்பது போற்றத்தக்கது. ஆயினும் பண்புக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. அவசரகாலத்தில் மாண்ட பாதுகாப்புப் படையினர் 1,800க்கு மேற்பட்டோர். பொதுமக்கள் 2,400க்கு மேற்பட்டோர். மாணவனுக்கு இவ்வெண்கள் எண்களாகவே நிற்கும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் புக்கிட் சண்டுவில் ஜப்பானியரை எதிர்த்து மாண்ட லெப்டினன்ட் அட்னான் சைடியை அவன் அறிவான். அவரை அறிவதற்குக் காரணம் பெயரும் செயலும் சேர்ந்து அவனுக்குக் கிடைத்ததே.

மலாக்காவில் பாடாங் பாலவான் என்னும் திடலை அறியாதார் இலர். பொருள் 'வீரர் திடல்'. நாட்டின் விடுதலை நாளைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரி 20ஆம் நாள் அறிவித்தது அங்கேதான். இன்று அவ்விடத்தில் டத்தாரான் பாலவான் என்னும் பெரிய அங்காடி நிற்கிறது. அங்குக் காலணி வாங்கச் செல்லும் சிறுவனின் நாவில் 'வீரர்' என்னும் சொல் நாள்தோறும் புரளும்; எந்த வீரர் என்று அவன் கேட்பதில்லை. புக்கிட் சீனாவின் அடிவாரத்திலோ, ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட சீன மக்களுக்காகப் போருக்குப்பின் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அச்சமூகத்தார் தம் மாண்டாரைக் குறித்துவைத்தனர்.

நம்மவர் செய்தி என்ன? இந்தியத் தேசிய இராணுவத்தில் நம் தோட்டங்களிலிருந்து சென்ற ஆண்களும், 1943இல் அமைந்த ஜான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களும் பலர். அப்படையில் மாண்டோருக்காகச் சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூரில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். 1995இல்தான் அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது.

இதனினும் பெரிய இழப்பு சயாம் பர்மா இரயில்பாதை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் அதனை அமைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைத் தின்றன. மாண்டோர் பல்லாயிரவர். அதே பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகத் துயில்கின்றனர். அடையாளம் அறியப்பட்ட ஒவ்வொருவர் தலைமாட்டிலும் பெயர், படைப்பிரிவு, வயது உண்டு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் வகுத்த முறை அது. நடுகல் மரபுக்கு மிக நெருங்கியது. நம் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. அவர்களுக்கென்று காஞ்சனாபுரியில் 2023ஆம் ஆண்டு ஒரு நடுகல் நிறுவப்பட்டது. எண்பது ஆண்டு கழித்து வந்த கல் அது. அதற்கு நடுகல் என்றே பெயரிட்டது மிகப் பொருத்தம். ஆனால் மரபின் முதற்கூறான பெயர்களை எழுத ஒரு கல் போதாது. பெயர்கள் தெரிந்தாலன்றோ எழுதலாம்!

நம் நாவலாசிரியர்கள் இப்பணியில் முந்திக்கொண்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், கல்லில் எழுதாததை ஏட்டில் எழுதின. மலேசியத் தமிழிலக்கியத்தை மதிப்பிடுவோர், இவற்றைக் கதை நயம் நோக்கி மட்டும் அளத்தல் போதாது. கையறுநிலைப் பாட்டின் வழித்தோன்றல்களாகவும் காணுதல் வேண்டும்.

இரண்டு தடைகள்

இங்கே இரண்டு தடைகள் எழக்கூடும். முதலாவது, இரயில்பாதைத் தொழிலாளர் படைவீரர் அல்லரே, வீரர் நாளில் அவரை எவ்வாறு சேர்ப்பது என்பது. நேர்மையான வினா. அவர்கள் விரும்பிச் சென்றாரல்லர். பலர் ஏமாற்றப்பட்டும் பிடித்துச் செல்லப்பட்டும் போயினர். அவர்களை வீரர் என்று உயர்த்திக் கூறினால் அவர்கள் பட்ட துன்பத்தை மறைத்தவராவோம். ஆதலின் அப்பெயரை அவர்க்குச் சூட்ட வேண்டுவதில்லை. நாட்டுக்காகப் பணியேற்று மாண்ட காவலரையும் படைவீரரையும் முதலில் நினைத்து, அவர்க்குப் பின் "போர் இவர்களையும் கொண்டது" என்று கூறி, இவர்களையும் நினைத்தல் போதும். நடுகல்லின் நடையிலேயே உண்மையைக் கூறுவோம்: இன்னார், இன்ன தோட்டத்தார், இரயில்பாதை வேலையில் பட்டார்.

இரண்டாவது தடை சமயம் பற்றியது. நடுகல்லைத் தெய்வமாகத் தொழுதது பழந்தமிழ் வழக்கு. கல்லன்றிப் பிற தெய்வம் இல்லை என்னுமளவுக்கு மாங்குடி கிழார் பாடினார் (335). இன்றைய பள்ளியிலோ பல சமயத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் உள்ளனர். உருவச் சின்னத்தின்முன் வழிபாடு போன்ற சடங்கு கூடாது என்னும் இசுலாமிய அறிஞர் கருத்தை ஒட்டி, தேசிய விழாவும் துகு நெகாராவிலிருந்து பின்னர்ப் புத்ராஜெயாவுக்கு மாற்றப்பட்டது. ஆதலின் பள்ளியில் படையலும் பூசையும் வேண்டா. தொழுதல் அவரவர் சமயத்தது; பெயர் சொல்லுதல் எல்லாருக்கும் பொது.

வகுப்பறையில் ஆறு நிலைகள்

தொல்காப்பியர் கூறிய ஆறு நிலைகளையே ஆசிரியர் பாடத்திட்டமாகக் கொள்ளலாம். முதல் நிலை தேடிக் காணுதல். ஜூலைத் தொடக்கத்தில் மாணவர் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, போரிலோ காவற்பணியிலோ இரயில்பாதையிலோ சென்று மீளாத ஒருவரின் பெயரை அறிந்து வரட்டும். பாட்டன் பாட்டியிடம் பேசுதற்கு இதனினும் நல்ல காரணம் கிடையாது. உறவில் அத்தகையோர் இல்லாத மாணவன் அக்கம்பக்கத்தாரிடம் கேட்கலாம். "பெயர் தெரியவில்லை, பாட்டியின் அண்ணன்" என்று வந்தாலும் அதனையும் ஏற்க.

இரண்டாவது நாட்குறித்தல்; அந்நாளை நாடே குறித்துத் தந்துள்ளது. மூன்றாவது நீர்ப்படுத்தல். எங்கள் ஊரின் பெயரே பத்து பெரண்டாம்; மலாயில் 'நீரில் ஊறிய கல்' என்று பொருள்படும். ஆகவே இந்நிலையை விளக்க எனக்கு உவமை தேடவேண்டுவதில்லை. கல்லைக் கழுவுதல் போலச் செய்தியையும் கழுவவேண்டும். கேள்விப்பட்டது எது, கண்டவர் கூறியது எது, தாளில் இருப்பது எது என்று பிரிக்க மாணவர் பழகட்டும். மிகைப்படுத்திய வீரக்கதை உண்மையாக மாண்டவனை மறைத்துவிடும்.

நான்காவது நடுதல். செங்கம் கற்களைப் போல இரண்டே வரி எழுதச் செய்க: பெயர், ஊர், செய்த வேலை, மாண்ட இடம். அடைமொழி எழுதினால் அடித்துவிடுக. இஃது உரைநடைப் பயிற்சிக்கும் மிக நன்று. ஐந்தாவது சிறப்புச் செய்தல். அந்த ஒரு மணித்துளி அமைதியைப் பெயர்களைப் படித்து முடித்தபின் வைத்தால் அமைதிக்குப் பொருள் உண்டாகும். ஆறாவது வாழ்த்துதல், அங்கே பாரி மகளிர் பாட்டை ஒரு மாணவி மெல்லச் சொல்லட்டும். கைதட்டல் வேண்டா.

ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25ஆம் நாள் அன்சாக் நாளில், மாண்ட முன்னோரின் பதக்கங்களை அணிந்து சிறுவரும் நடக்கின்றனர். தாமே பெற்ற பதக்கத்தை இடப்பக்க மார்பிலும் முன்னோர் பதக்கத்தை வலப்பக்க மார்பிலும் அணிவது அங்குள்ள முறை. இப்பெருமை எனதன்று, என் முன்னோரது என்பதை அச்சிறு விதி சிறுவனுக்குக் கற்பிக்கிறது. நம் பள்ளிகளில் சிறுவர்க்குச் சிப்பாய் உடையும் விளையாட்டுத் துப்பாக்கியும் தந்து மேடையேற்றும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. மேலும் வகுப்பில் ஒரு பிள்ளையின் தந்தை இன்று படையிலோ காவல்துறையிலோ பணிபுரிபவராக இருக்கலாம். நாம் சாவைப் பாராட்டிப் பேசும்பொழுது அப்பிள்ளை என்ன எண்ணும் என்பதை மறவாதிருப்போம். அவன் தந்தை மீண்டு வருதலே பொன்முடியார் கூறிய கடமை என்று அவனுக்குச் சொல்லலாம்.

துயரத்தைச் சிறுவர்க்குக் கூறினால் அவர் ஊக்கம் குன்றும் என்று அஞ்சுவோரும் உளர். சாவை அறியாத பிள்ளைகள் தோட்டத்தில் இல்லை. அவர்கள் அறியாதது, மாண்டவரை எவ்வாறு முறையாக நினைப்பது என்பதே. அம்முறையை அறிந்தவன் அஞ்சுவதில்லை. பிறர் துயரையும் மதிப்பான்.

பள்ளிக்கு ஓர் ஏடு வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறை இப்பெயர்களை மாணவர் கையெழுத்தில் அதில் எழுதிவைக்குமாறு தமிழாசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். இனிப் பத்தாண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்கமாட்டார். கேட்கவேண்டிய நேரம் இதுவே.

(தலைமையாசிரியர் ஒருவர், பத்து பெரண்டாம், மலாக்கா)